ஏர் கன்னுக்கு எந்த ஆயில்? டப்பா மேல இருக்க நம்பர எப்படிப் படிக்கிறது

கும்பகோணத்துலேர்ந்து நீடாமங்கலம் வழியா மன்னார்குடி வரைக்கும் ரோட்டோரமா எத்தன பஞ்சர் கடை, எத்தன டிராக்டர் ஒர்க் ஷாப் இருக்கோ, கிட்டத்தட்ட அத்தனைலயும் இப்ப காத்துல ஓடி நட்டு கழட்டுற ஏர் கன்னு ஒண்ணாச்சும் தொங்கிட்டு இருக்கு. வீல் நட்டுல பாக்ஸ் ஸ்பேனர மாட்டி பைப்பச் சொருவி அது மேல ஏறி நின்னு மிதிச்ச காலமெல்லாம் மலையேறிப் போச்சு. சேத்துல உழவு ஓட்ட கேஜ் வீல் மாட்டணும், முடிஞ்சா கழட்டி டயர் மாட்டணும், அறுப்பு சீசன்ல பெல்ட் வண்டி வயல்ல நின்னுபோச்சுன்னா ராத்திரியோட ராத்திரியா போல்ட்ட கழட்டி மாட்டி அனுப்பணும், இதுக்கெல்லாம் கன்னு இல்லாம கை ஓடாது. ஆனா அந்தக் கன்னுக்கு என்ன ஆயில் போடுறீங்கன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு "அதுக்கு எதுக்கு ஆயிலு, காத்துலதானே ஓடுது"ம்பாங்க, மீதிப் பேரு பக்கத்துல எந்த டப்பா தொறந்து கெடக்கோ அதுலேர்ந்து ரெண்டு சொட்டு விடுவாங்க. கேட்டா "ஆயில்னா ஆயில்தானே தம்பி"ன்னு ஒரு பதில்.

இல்ல. ஆயிலுக்கு ஆயில் வித்தியாசம் இருக்கு, அதுவும் காத்துல ஓடுற டூலுக்கு அந்த வித்தியாசம் ரொம்பவே இருக்கு. எந்த பிராண்டுங்கறது ரெண்டாம்பட்சம், டப்பா மேல போட்டிருக்க ஒரு நம்பர படிக்கத் தெரிஞ்சா முக்காவாசி வேலை முடிஞ்சுது. அந்த நம்பருக்கு வர்றதுக்கு முன்னாடி கன்னுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒருதரம் பாத்துடுவோம், அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும்.

சாதா அரை இன்ச் (சாக்கெட் மாட்டுற முனையோட அளவு) இம்பாக்ட் கன்னோட, அதாவது நட்டு கழட்டுற ஏர் கன்னோட பின்மூடிய அலன் கீ போட்டுக் கழட்டினீங்கன்னா உள்ள ஒரு சிலிண்டர் இருக்கும், அதுக்குள்ள ரோட்டர்னு ஒரு உருளை, நடுவுல இல்லாம கொஞ்சம் ஒதுங்குன மாதிரி உக்காந்திருக்கும். ரோட்டர்ல நீளவாக்குல பள்ளம் வெட்டி ஒவ்வொரு பள்ளத்துலயும் ஒரு மெல்லிசு தகடு சொருவியிருப்பாங்க, இதத்தான் வேன்னு சொல்றது, சில பேரு பிளேடும்பாங்க. இது பெரும்பாலும் இரும்பு இல்ல, துணியையும் ரெசினையும் சேத்து அழுத்திச் செஞ்ச ஃபைபர். எடுத்துப் பாத்தா நகக்கண்ணு வச்சு நெம்புனா பேந்துடும் போல இருக்கும், ஆனா கன்னோட மொத்த சக்தியும் அதுல ஒவ்வொண்ணா காத்து மோதித் தள்றதுலதான் வருது. ரோட்டர் சுத்தும்போது வேன் வெளிய தள்ளிட்டு வந்து சிலிண்டர் செவத்த ஒட்டிக்கிட்டே ஓடும், காத்து அத நெட்டித் தள்ளும், அவ்வளவுதான் மோட்டாரு. லோடு இல்லாம ட்ரிக்கர அமுத்துனா நிமிஷத்துக்கு ஏழாயிரம் எட்டாயிரம் சுத்து சுத்துற கன்னெல்லாம் இருக்கு. அத்தன வேகத்துல அந்த ஃபைபர் இரும்புச் செவத்துல ஒரசிக்கிட்டே போகுது.

இப்ப ஆயிலுக்கு அங்க என்ன வேலைன்னு பாருங்க. ஒண்ணு, வேன் பள்ளத்துக்குள்ள சிக்காம வழுக்கி உள்ளயும் வெளியயும் போகணும், செவத்துலயும் தேயாம ஓடணும். ரெண்டு, வேனுக்கும் செவத்துக்கும் நடுவுல இருக்க மயிரிழை இடைவெளிய ஆயில் படலம் அடைச்சுக்கணும், இல்லன்னா காத்து வேல செய்யாம ஓரமா நழுவிப் போயிடும், கன்னு சத்தம் மட்டும் போடும் நட்டு அசையாது. மூணாவது துரு, அதப் பத்தி தனியாவே பேசணும், நம்ம ஊருக்கு அதுதான் பெரிய தலைவலி.

இன்னொரு விஷயம் நெறைய பேரு கவனிக்கிறதே இல்ல. கன்ன தொடர்ந்து கொஞ்ச நேரம் அடிச்சுட்டு அதோட எக்ஸாஸ்ட் வாய் பக்கம் பொறங்கைய காட்டிப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும். அமுக்கி வச்ச காத்து விரியும்போது குளிர்ந்துடும், அதான் காரணம். வெளிய சித்திர வெயில் மண்டையப் பொளந்தாலும் உள்ள மோட்டாரு குளிர்ச்சியாத்தான் ஓடுது. இஞ்சின் மாதிரி கொதிக்கிற எடம் இல்ல இது. "நம்ம ஊரு சூட்டுக்கு கெட்டியான ஆயில்தான் தாங்கும்"னு சொல்றவங்க இந்த எடத்துலதான் தப்புக் கணக்கு போடுறாங்க, வெயிலு அடிக்கிறது கன்னோட முதுகுலதான், ஆயில் வேல செய்யுற எடத்துல இல்ல.

சரி நம்பருக்கு வருவோம். தொழிற்சாலை ஆயில் டப்பா எல்லாத்துலயும் ஐஎஸ்ஓ விஜி 32, விஜி 46, விஜி 68, விஜி 100ன்னு ஒண்ணு போட்டிருக்கும், சில கம்பெனி விஜிய விட்டுட்டு பேருக்குப் பின்னாடி வெறும் 32, 68ன்னு மட்டும் போடும். அது அந்த ஆயில் எவ்வளவு கெட்டிங்கறதச் சொல்ற நம்பர். 40 டிகிரி செல்சியஸ்ல வச்சு அளந்து செண்டிஸ்டோக்ஸ்ங்கற அளவுல சொல்வாங்க, 32ன்னா சுமாரா 29லேர்ந்து 35க்குள்ள இருக்குன்னு அர்த்தம், பத்து சதவீதம் முன்னப்பின்ன இருக்கலாம்ங்கறது விதி. நம்பர் ஏற ஏற ஆயில் கெட்டி. கையில புடிச்சுப் பாக்கற மாதிரி சொல்லணும்னா விஜி 32ங்கறது கிட்டத்தட்ட நல்லெண்ணெய் கெட்டி, விஜி 220ங்கறது வெளக்கெண்ணெய் பக்கம் வரும். ரெண்டையும் ஒரு தகட்டுல ஊத்திச் சாச்சுப் பாத்தீங்கன்னா எது வேன் பள்ளத்துக்குள்ள ஓடும், எது அங்கேயே உக்காந்துக்கும்னு கேக்காமலே தெரியும். அதுக்காக நல்லெண்ணெய ஊத்திடாதீங்க, கெட்டி ஒத்துப்போகுது அவ்வளவுதான், சமையல் எண்ணெய் காத்துபட்டு பிசுபிசுன்னு பசையா மாறிடும். தேங்காயெண்ணெய் இன்னும் மோசம், மார்கழி காலைல பாட்டில்லயே ஒறஞ்சு நிக்கிற சாமான், குளிர்ந்து ஓடுற கன்னுக்குள்ள என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

பஞ்சர் கடை, ஒர்க் ஷாப்ல இருக்க கைக்கு அடக்கமான டூலுக்கு, அதாவது அரை இன்ச் இம்பாக்ட், ஏர் ராட்செட், டை கிரைண்டர், ட்ரில்லு இதுக்கெல்லாம் விஜி 32 ஏர் டூல் ஆயில் போட்டா சரியா இருக்கும். சில கம்பெனி 22 சொல்லும், சில கம்பெனி 46 சொல்லும், டூலோட வந்த புக்குல என்ன போட்டிருக்கோ அதுதான் கடைசி வார்த்தை, புக்கு காணாமப் போயிருந்தா 32ல தைரியமா ஆரம்பிக்கலாம். புக்குல வண்டி ஆயிலுக்குப் போடுற எஸ்ஏஇ கணக்குல எஸ்ஏஇ 10ன்னு போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே 32தான்.

இங்கதான் புதுசா வர்றவங்க கொழம்புற எடம். கடைல அலமாரில 20 டபிள்யூ 40 இருக்கும், கியர் ஆயில் 90 இருக்கும், ஹைட்ராலிக் 68 இருக்கும், இத மூணையும் பக்கத்துல பக்கத்துல பாத்தா 40தானே கொறச்சல், அப்ப அதுதானே மெல்லிசுன்னு தோணும். தோணுறது தப்பு, ஏன்னா இது மூணும் ஒரே தராசு இல்ல. 20 டபிள்யூ 40ல இருக்க 40 எஸ்ஏஇங்கற வேற கணக்கு, இஞ்சின் சூட்டுல, 100 டிகிரில அளக்கற கணக்கு, அந்த ஆயிலக் கொண்டுவந்து நம்ம விஜி கணக்குல வச்சா 100ஐத் தாண்டிடும். கியர் ஆயில் 90 அதவிடக் கெட்டி. அதனால கடைல போயி வெறுமன "முப்பத்திரண்டு கொடுங்க"ன்னு கேக்காம "ஏர் டூல் ஆயிலு, விஜி முப்பத்திரண்டு"ன்னு முழுசா கேளுங்க. கவுண்டர்ல பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணே, கன்னுக்கு ஆயில் வேணும்."

"எந்தக் கன்னு தம்பி, பெயிண்ட் அடிக்கிறதா, நட்டு கழட்டுறதா?"

"நட்டு கழட்டுறது, அரை இன்ச்."

"ஏர் டூல் ஆயில் தீந்துபோச்சு, ஹைட்ராலிக் ஆயில் சிஸ்டம் 68 இருக்கு, அத ஊத்து, ஓடும்."

ஓடும், பொய் இல்ல. ஆனா கொஞ்ச நாளைக்கு மந்தமா ஓடும். நம்ம பக்கம் அறுப்பு வண்டி, ஜேசிபி, டிப்பர்னு ஹைட்ராலிக் வேல ஜாஸ்திங்கறதால 68 எந்தக் கடைலயும் கெடைக்கும், 32 கேட்டாத்தான் உள்ளேர்ந்து எடுத்துட்டு வருவாங்க. அவசரத்துக்கு ஏர் டூல் ஆயில் கெடைக்கலன்னா 68 வாங்கறதுக்குப் பதிலா ஹைட்ராலிக்லயே 32 கேட்டு வாங்குங்க, சர்வோ சிஸ்டம் 32, ஹெச்பி என்க்ளோ 32ன்னு வருது. அதுல தேய்மானத்துக்கும் துருவுக்கும் எதிரான மருந்து இருக்கு, கெட்டியும் சரியா இருக்கு, நாலு நாள் தாங்கறதுக்கு தோதான மாத்து. பின்ன ஏன் தனியா ஏர் டூல் ஆயில்னு ஒண்ணு விக்கிறான்னா, தண்ணியும் காத்தும் சேந்து அடிக்கிற எடத்துல கழுவிட்டுப் போகாம இரும்புல ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி அத செஞ்சிருப்பாங்க. ஹைட்ராலிக் ஆயில் மூடுன டேங்குல சுத்தறதுக்காக செஞ்சது, அது தண்ணியக் கண்டா பிரிஞ்சு ஒதுங்கிக்கும்.

இஞ்சின் ஆயில் ஏன் கூடாதுன்னு கேட்டா கெட்டி மட்டும் காரணம் இல்ல. இஞ்சின் ஆயில்ல டிடர்ஜெண்ட் இருக்கும், கரியையும் அழுக்கையும் தன்னோட அணைச்சுக்கிட்டு ஃபில்டர் வரைக்கும் கொண்டுபோறதுக்கு. கன்னுக்குள்ள ஏது ஃபில்டரு? அழுக்க அணைச்சது அணைச்சபடி அங்கேயே நிக்கும், காத்துல வர்ற தண்ணியோட கலந்து மோர் மாதிரி வெளுத்து, நாள்பட நாள்பட களியா எறுகி வேன் பள்ளத்துல அப்பிக்கும். வேன் வெளிய வராது, கன்ன ஒரு தட்டு தட்டுனாத்தான் ஓடும். தட்டுனா ஓடுற கன்ன நீங்க எங்கயாச்சும் பாத்தா உள்ள இந்தக் களிதான் இருக்கணும்னு பெரும்பாலும் சொல்லிடலாம். வண்டிலேர்ந்து எறக்குன கருப்பு ஆயில ஊத்தறவங்களும் உண்டு, அதுல கரியோட இரும்புத்தூளும் சேந்தே வரும், வேனுக்கு உப்புத்தாள் போட்டுத் தேக்கிற வேலைய நாமளே காசு கொடுக்காம செஞ்சுவிடுறோம்.

டபிள்யூடி 40 அடிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது எறுகுன நட்ட எளக்கறதுக்கு, ஈரத்த வெரட்டறதுக்கு நல்ல சாமான், ஆனா அதுல பெரும்பகுதி ஆவியாப் போற கரைப்பான்தான், உள்ள இருக்க நல்ல ஆயிலயும் சேத்து கழுவி எடுத்துட்டுப் போயிடும், அடிச்சதும் கன்னு ஜம்முனு சுத்தும், அத நம்பி மறுநாள் முழுக்க அடிச்சா உள்ள வெறும் இரும்பும் ஃபைபரும் காஞ்சு ஒரசும். மண்ணெண்ணெய், டீசலும் அப்படியே. பிரேக் ஆயில் பக்கமே போகாதீங்க, பேருதான் ஆயிலு, உள்ள இருக்க ரப்பர் ஓ ரிங்க உப்ப வச்சுடும், பெயிண்டையும் உரிச்சுடும். தையல் மிஷின் ஆயில் மெல்லிசுதான், கெடுதல் கெடையாது, ஒண்ணுமே இல்லாத அன்னைக்கு ரெண்டு சொட்டு விடலாம், ஆனா மறுநாள் சரியான ஆயில வாங்கிடணும்.

கம்ப்ரஸர் ஆயில் வேற, டூல் ஆயில் வேற, இதையும் நிறைய பேரு ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க. பிஸ்டன் கம்ப்ரஸர்ல ஊத்தறது பெரும்பாலும் விஜி 100 இல்லன்னா 68, சூட்ட தாங்கணும்னு செஞ்சது. இன்னும் சில பேரு "கம்ப்ரஸரே ஆயிலு கக்குது, அது லைன்ல வந்து கன்னுக்கு போயிடும், தனியா எதுக்கு"ம்பாங்க. கேக்க புத்திசாலித்தனமாத்தான் இருக்கு, ஆனா அந்த ஆயில் கம்ப்ரஸர் ஹெட்டு சூட்டுல வறுபட்டு கெட்டுப்போய் வர்ற ஆயிலு, அது வழுக்க வைக்காது, பிசின் மாதிரி படியும். அப்படிக் கக்குற கம்ப்ரஸருக்கு ரிங்கு மாத்தணும், அத கன்னுக்கு வைத்தியமா நெனைக்கக் கூடாது.

இப்ப தண்ணி. டெல்டாக்காரங்க காவிரித் தண்ணிக்கு ஜூன் 12 எப்ப வரும், மேட்டூர் எப்ப தொறப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருப்போம், கம்ப்ரஸர் டேங்குக்கு மட்டும் தண்ணி வருஷம் பூரா கேக்காமலே வந்துடும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நம்ம ஊருல மழைக்காலத்துல 30 டிகிரி சூடு, 80 சதவீதம் ஈரப்பதம்ங்கறது சர்வசாதாரணம். அந்தக் காத்துல ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் தண்ணி ஆவியா இருக்கும். பத்து சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு பத்து கன அடி காத்து இழுக்கிற சின்ன கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் நிக்காம ஓடுனா 17 கன மீட்டர் காத்த இழுக்கும், ஆக 400 கிராமுக்கு மேல தண்ணிய உள்ள இழுத்தாச்சு. அத எட்டுல ஒரு பங்கா அமுக்கி ஆறவிட்டா ஆவியா தங்கறது அறுபது கிராம் சொச்சம்தான், மீதி 350 மில்லி டேங்குக்குள்ளயும் லைனுக்குள்ளயும் தண்ணியா வந்து நிக்கும். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு. நாள் பூரா ஓடுற கடைல டேங்க் அடில இருக்க ட்ரெயின் வால்வ தொறக்கவே இல்லன்னா அந்தத் தண்ணி எங்க போகும், ஹோஸ் வழியா நேரா கன்னுக்குத்தான்.

ஃபைபர் வேன் தண்ணி குடிச்சா உப்பும், உப்புனா பள்ளத்துல சிக்கும். சிலிண்டர் செவத்துல துரு புள்ளி விழும், அந்தப் புள்ளி வேனோட விளிம்ப சீவும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் கடக்காத்துல உப்பும் சேந்துக்கும், அக்கரைப்பேட்டை துறைமுகத்துல படகு வேல பாக்கறவங்களுக்கு இத நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, அவங்க ஊருல ஸ்பேனரே ஒரு வாரம் தொடைக்காம வச்சா செவந்துபோயிடும். அதனால எந்த ஆயில்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, தெனம் சாயங்காலம் கடைய அடைக்கும்போது டேங்க் தண்ணிய தொறந்துவிடுங்க, லைன்ல ஒரு ஃபில்டர் மாட்டுங்க. தண்ணி வந்துக்கிட்டே இருக்க லைன்ல எவ்வளவு உசத்தி ஆயில் ஊத்துனாலும் காசக் கரியாக்குறதுதான்.

எவ்வளவு ஊத்தணும், எப்ப ஊத்தணும்? காலைல வேல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி காத்த அடைச்சு, கப்ளரக் கழட்டி, கன்னோட காத்து நொழையிற வாய மேல் பாக்க நிமித்திப் புடிச்சு நாலஞ்சு சொட்டு விடுங்க. ட்ரிக்கர அமுத்திக்கிட்டே விட்டா ஆயில் வழியில நிக்காம உள்ள எறங்கும். அப்புறம் ஹோஸ மாட்டி, எக்ஸாஸ்ட் வாய் மேல ஒரு வேஸ்ட் துணியப் போட்டுட்டு, லோடு இல்லாம அஞ்சு பத்து செகண்டு ஓட்டுங்க. துணி எதுக்குன்னா மொத அடில மிச்ச ஆயில் பூரா சாரலா வெளிய வரும், மொகத்துல அடிக்கும், எதுக்க நிக்கிற கஸ்டமர் வெள்ள வேட்டி கட்டியிருந்தா அன்னைக்கு பேச்சு வேற மாதிரி போகும். ரெண்டு பக்கமும், அதாவது முன்னாடி சுத்தும் பின்னாடி சுத்தும் ஓட்டிவிடுங்க. நாள் பூரா நிக்காம அடிக்கிற வேலன்னா மணிக்கொருதரம், ரெண்டு மணிக்கொருதரம் ரெண்டு சொட்டு. சாயங்காலம் எடுத்து வைக்கும்போதும் நாலு சொட்டு விட்டு ஒரு சுத்து ஓட்டிட்டு வைங்க, ராத்திரி பூரா ஈரத்தோட உக்காந்திருக்கப் போறது கன்னுதான், துரு பிடிக்கிறது ஓடும்போது இல்ல, சும்மா கெடக்கும்போது. நம்ம ஆளுங்க விடாம காலைல ஊத்துவாங்க, சாயங்காலம் ஊத்த மாட்டாங்க. ஒண்ணுதான் முடியும்னா நான் சாயங்காலத்த எடுத்துக்கச் சொல்வேன்.

இத தெனம் ஞாபகம் வச்சு செய்ய ஆளு இல்லன்னா காத்து லைன்ல தானா ஆயில் சொட்டுவிடுற லூப்ரிகேட்டர் மாட்டிடலாம். ஃபில்டர், பிரஷர கூட்டிக் கொறைக்கிற ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்னு மூணும் இதே வரிசைல வரணும், மாத்தி மாட்டுனா ஆயில் போயி ஃபில்டர்ல நிக்கும். கண்ணாடி மாதிரி இருக்க கிண்ணத்துல ஆயில் ஊத்தி, மேல இருக்க திருகுல சொட்ட அட்ஜஸ்ட் பண்ணனும், சாதா கன்னுக்கு டூல் ஓடும்போது நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சொட்டு போதும். சரியா வருதான்னு பாக்க ஓடுற கன்னோட எக்ஸாஸ்டுக்கு முன்னாடி ஒரு வெள்ளப் பேப்பர கொஞ்ச நேரம் காட்டுங்க, லேசா எண்ணெய் பூத்த மாதிரி தெரிஞ்சா சரி, சொட்டு சொட்டா தெறிச்சா ஜாஸ்தி, ஒண்ணுமே தெரியலன்னா காஞ்சு ஓடுது. ஜாஸ்தியா விட்டா நல்லதுதானேன்னு நெனைக்காதீங்க, மிச்சம் பூரா சாரலாகி நீங்க மூச்சுல இழுக்கப்போறீங்க. லூப்ரிகேட்டர் டூலுக்குப் பக்கத்துல, ஒரு பதினஞ்சு அடிக்குள்ள இருக்கணும், கம்ப்ரஸர் ரூம்புல மாட்டிட்டு அம்பதடி ஹோஸ்ல கன்ன ஓட்டுனா ஆயில் பாதி வழில ஹோஸ் செவத்துலயே படிஞ்சுடும். அப்புறம் அந்தக் கிண்ணம் பெரும்பாலும் பாலிகார்பனேட்டு, அத தின்னர் போட்டுக் கழுவுனா மயிரிழையா விரிசல் விட்டு ஒரு நாள் காத்து பிரஷர்ல தெறிக்கும். சோப்புத் தண்ணி போதும். சில சிந்தெட்டிக் ஆயிலும் அந்தக் கிண்ணத்துக்கு ஆகாது, மினரல் ஆயில்ல செஞ்ச ஏர் டூல் ஆயிலே போதும்.

ஆயில் போகவே கூடாத எடமும் இருக்கு. பெயிண்ட் அடிக்கிற லைன்ல ஒரு சொட்டு போச்சுன்னாலும் அடிச்ச பெயிண்டு ஒட்டாம வட்டம் வட்டமா வெலகி குழி விழும், திரும்ப தேச்சு திரும்ப அடிக்கணும். டயருக்கு காத்து புடிக்கிற லைனும் அப்படித்தான், ஆயில் ட்யூபு ரப்பருக்கு ஆகாது. அதனால லூப்ரிகேட்டருக்கு முன்னாடியே லைனப் பிரிச்சுடணும், ஹோஸையும் தனித்தனியா வச்சுக்கணும், ஆயில் குடிச்ச ஹோஸ கொண்டுபோயி ஸ்பிரே கன்ன மாட்டுனா வேலைக்காகாது. ரைஸ் மில்லுல இருக்க சார்ட்டெக்ஸ் மிஷின் கறுப்பரிசிய கேமராவுல பாத்து காத்த பீச்சித்தான் தள்ளிவிடுது, அந்தக் காத்து நேரா அரிசி மேல படுது, ஆக அங்க தண்ணியும் இல்லாத ஆயிலும் இல்லாத காத்துதான் போகணும். அதே மில்லுல சோத்துக்குப் போற சாமான் பக்கத்துல ஆயில் போட்டே ஆகவேண்டிய டூல் ஏதாச்சும் இருந்தா ஃபுட் கிரேடு ஆயில்னு தனியா வருது, டப்பால ஹெச் 1னு போட்டிருக்கும், விலை கூடத்தான்.

கேஸ் வெல்டிங்கும் சேத்து வச்சிருக்க பட்டறைக்காரங்க இத மட்டும் நல்லா கேட்டுக்குங்க: கரண்டு இல்ல, கம்ப்ரஸர் ஓடலன்னு ஆக்ஸிஜன் சிலிண்டர்லேர்ந்து கன்ன ஓட்டக்கூடாது. பிரஷர்ல இருக்க ஆக்ஸிஜனும் ஆயிலும் சந்திச்சா நெருப்பே வேண்டாம், தானா வெடிக்கும். ஆள் உசுரு போற விஷயம்.

நாம இதுவரைக்கும் பேசுனது மோட்டார் பக்கம். இம்பாக்ட் கன்னுக்கு முன்பக்கம் சுத்தியல் மாதிரி அடிக்கிற ஹேமர் ஒண்ணு இருக்கு, அதுக்கு வாய்ல விடுற ஆயில் போய் சேராது. அதுக்கு பெரும்பாலும் கிரீஸ்தான், சில கன்னுல தனியா கிரீஸ் நிப்பிள் இருக்கும், சிலதுல முன் மூடியக் கழட்டித்தான் வைக்கணும், சில மாடல்ல கிரீஸுக்குப் பதிலா அங்கயும் ஆயிலே நிக்கும், புக்க பாத்துத்தான் செய்யணும். கிரீஸ வச்சு அடைச்சுடாதீங்க, ஹேமர் வேகமா அடிக்க முடியாம கன்னோட அடி மந்தமாயிடும். ராட்செட்டு, ஆங்கிள் கிரைண்டர் தலைல இருக்க கியருக்கும் கிரீஸ்தான்.

லாரி, அறுப்பு வண்டி வீலுக்கு அடிக்கிற ஒரு இன்ச் கன்னு வச்சிருக்கவங்க 46ஆன்னு புக்குல ஒருதரம் பாத்துக்குங்க, பெரிய டூலுக்கு அது கேக்கறது உண்டு. ரோடு ஒடைக்கிற ஜாக் ஹேமர், பாறை தொளைக்கிற டிரில்லு இதெல்லாம் வேற ஜாதி, அதுக்கு ராக் டிரில் ஆயில்னு விஜி 100, 150ன்னு கெட்டியா, இழுத்தா நூலு மாதிரி வர்ற பசையோட இருக்கும். நம்ம வண்டல் மண்ணுல அதுக்கு வேல கொறச்சல், புதுக்கோட்டை பக்கம் பாறைக்கு போர் போடுற வண்டிக்காரங்க கிட்ட இருக்கும், அதப் பாத்துட்டு "அவங்க பெரிய மிஷினுக்கே இதான் ஊத்துறாங்க, நல்ல ஆயிலாத்தான் இருக்கும்"னு வாங்கியாந்து அரை இன்ச் கன்னுல ஊத்துனா கன்னு தூங்கிடும்.

ஆயில் சரியா இருந்தும் கன்னுக்கு சக்தி பத்தலன்னா உடனே வேன மாத்தாதீங்க, காத்தப் பாருங்க. டூல் வாய்ல, ட்ரிக்கர அமுத்தி ஓடிக்கிட்டு இருக்கும்போது காத்து பிரஷர் 90 பவுண்டு (பிஎஸ்ஐ) இருக்கணும். டேங்க்ல கேஜ் 120 காட்டும், மெல்லிசு ஹோஸ்ல நாலு ஜாயிண்டு தாண்டி கன்னுக்கு வரும்போது 60 நிக்கும், பழி ஆயில் மேலயும் கன்னு மேலயும் விழும். அதே மாதிரி சக்தி வேணும்னு 90க்கு மேல ஏத்தி ஓட்டுறதும் வேண்டாம், ஹேமரும் வேனும் சீக்கிரம் போயிடும்.

மந்தமாப்போன கன்ன எழுப்ப முடியுமான்னா பல நேரம் முடியும். ராத்திரி வாய்ல தாராளமா ஒரு பத்து பதினஞ்சு சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டு, சாக்கெட்ட கையால ரெண்டு பக்கமும் திருப்பிவிட்டு, அப்படியே நிமித்தி வச்சுடுங்க. காலைல துணிய மூடி, கொறஞ்ச பிரஷர்ல ஓட்டுனா பழுப்பா, சில சமயம் கருப்பா ஒரு கசடு வரும். வெள்ளையா மோர் மாதிரி வந்தா தண்ணி, செவப்பா வந்தா துரு. துரு வந்தா பிரிச்சுப் பாக்கறதுதான் சரி. நல்ல ஆயில் மட்டும் வர்ற வரைக்கும் ரெண்டு மூணு தரம் இதையே செய்யலாம்.

விலை பாத்து யோசிக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. காலைல ஆறு சொட்டு சாயங்காலம் ஆறு சொட்டு, இருபது சொட்டு ஒரு மில்லின்னு வச்சாலும் ஒரு நாளைக்கு அரை மில்லி சொச்சம், முன்னூறு நாள் கடை தொறந்தா வருஷத்துக்கு 180 மில்லி. ஒரு கன்னு வச்சிருக்கவருக்கு ஒரு லிட்டர் டப்பா அஞ்சு வருஷம் வரும், இதுக்குப் போயி கருப்பு ஆயில ஊத்தி மிச்சம் புடிக்கிறது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல. பக்கத்து ரெண்டு கடைக்காரங்களோட சேந்து ஒரு லிட்டர் வாங்கி பங்கு போட்டுக்கலாம். பங்கு போடும்போது நீள மூக்கு இருக்க சின்ன பாட்டிலா, உள்ள நல்லா காஞ்சதா பாத்து ஊத்துங்க, மேல பெயிண்ட்லயோ மார்க்கர்லயோ "கன்னு 32"ன்னு எழுதி கன்னு தொங்குற ஆணிக்குப் பக்கத்துலயே ஒரு ஆணி அடிச்சு மாட்டிடுங்க, அலமாரில வச்சா பையன் அவசரத்துல பிரேக் ஆயில் பாட்டிலத்தான் எடுப்பான்.